சம்பந்திகளின் பாதிக் கதைகள்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லாரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படி வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கூண்டிலிருந்து பார்த்தால் நிலையமே உள்ளங்கையில் இருக்கும். டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுகிறவர், தப்பான வண்டியில் ஏறி ஜன்னலோரம் கிடைத்த பெருமையில் இருப்பவர், வழியனுப்ப வந்து, வண்டி நகராததால் பேச்சு தீர்ந்துபோய் விழிப்பவர். இதையெல்லாம் வீட்டில் சொல்ல ஆரம்பித்தால் கணவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்தது மகன் கல்யாணத்துக்குப் பிறகுதான். மருமகளின் அம்மா, வேறொரு ஊரில் பெயிண்ட் கடை நடத்துகிறவள். முதலில் இருவரும் போனில்தான் பேசிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கீங்களா, சம்பந்தி?"

"நல்லா இருக்கோம். நீங்க?"

"இருக்கோம்."

அதோடு சரி. மீறி ஒரு வார்த்தை சொன்னால், விளக்கு வைப்பதற்குள் அது பிள்ளைகள் காதுக்குப் போய், "அவங்ககிட்ட ஏம்மா அப்படிச் சொன்னே?" என்று திரும்பி வரும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மைக்கம்மா கடிதம் எழுதினாள். நலம் விசாரிக்கவில்லை. ஒரே இருக்கைக்கு இரண்டு பெரிய மனிதர்கள் மல்லுக்கட்டியதை எழுதினாள். டிரைவர் எழுந்து வரும் இடத்தில், அறிவிக்க வேண்டிய வண்டி ஒன்று வந்துவிட்டது. எழுதியவரை மடித்துத் தபாலில் போட்டுவிட்டாள். பதில் வந்தது. "முதலில் உட்கார்ந்தவர்தான் ஜெயித்திருப்பார். உட்கார்ந்த ஆம்பளையைக் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்" என்று எழுதிவிட்டு, சம்பந்தியம்மா தன் கடையில் நடந்த ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருத்தி கதையைப் பாதியில் நிறுத்துவாள், மற்றவள் முடிவை ஊகித்து எழுதுவாள், அடுத்த கடிதத்தில் நடந்தது தெரியும். ஒரே ஒரு கட்டுப்பாடு: பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே கூடாது. அந்தப் பேச்சு நுழைந்தால் சம்பந்திச் சண்டை பின்னாலேயே வரும் என்பது இருவருக்கும் தெரியும். இப்படியே சில வருஷங்கள் ஓடின.

அப்புறம் ஒரு காலையில் மகன் போன் செய்தான்.

"அம்மா, நாங்க பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டோம். சண்டையெல்லாம் இல்ல. பேசித்தான் முடிவு பண்ணோம்."

மைக்கம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள், அழ வேண்டியதை அழுதாள். கடைசியில் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்புறம்... அவங்க அம்மாவுக்கு இனிமே லெட்டர் வேணாம்மா. நல்லா இருக்காது."

"டேய், உன் கல்யாணத்துல எனக்குக் கிடைச்ச ஆளு அவங்க. நீ திருப்பித் தரச் சொன்னா எப்படிடா தர்றது?"

வீராப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்ததும் கடைசியாக அனுப்பிய கடிதம் நினைவுக்கு வந்தது. போன வாரம்தான் ஒரு கதை அனுப்பியிருந்தாள். ஏழாவது நடைமேடையில் ஓர் ஆணும் பெண்ணும், நடுவில் ஒரே பெட்டி. 'நீ போ, நான் வரல' என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்புகிறார். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தாள். விஷயம் முன்பே தெரிந்து, சாடைமாடையாகக் குத்தியதாகத்தானே அங்கே படித்திருப்பார்கள்?

பதில் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. தபால்காரர் அவளைப் பார்த்ததும், ஏதோ தானே கடிதத்தைத் தின்றுவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"விட்டுடு," என்றார் கணவர். "ஆடு பகை, குட்டி உறவான்னு கேட்பாங்க."

"இங்க ஆடு ரெண்டும் உறவுதாங்க. குட்டிங்களும் பகை இல்லேன்னுதான் சொல்லுதுங்க. நடுவுல உங்களுக்கு என்ன?"

மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறினாள்.

பெயிண்ட் கடையில் டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா வாடிக்கையாளர் ஒருவரிடம், "காஞ்சதும் இன்னும் கொஞ்சம் கறுக்கும் சார், இப்பவே மூஞ்சியச் சுளிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மைக்கம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அந்த மனிதரை அனுப்பிவிட்டு, இயந்திரத்தையும் நிறுத்தினாள்.

"உக்காருங்க," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன். அந்தப் பெட்டிக்காரங்க கதைய எழுதினப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியே இல்ல."

"என் பொண்ணு விஷயத்தச் சொன்ன அன்னிக்குத்தான் உங்க லெட்டரும் வந்துச்சு," என்றாள் சம்பந்தியம்மா. "ஒரு கையில போன், ஒரு கையில லெட்டர். எப்படி இருக்கும், சொல்லுங்க? கட்டுப்பாட்ட மீறி என்னைக் குத்திக் காட்டறீங்கன்னு நெனச்சுட்டேன்."

"குத்தறதா இருந்தா நேரா மைக்குல சொல்லிடுவேன். எனக்குச் சாடை பேசத் தெரியாது."

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், புறங்கையிலிருந்த நீலம் கன்னத்தில் அப்பிக்கொண்டது. "அப்ப அவங்க யாரு?"

"அண்ணன் தங்கச்சி. அம்மாவைப் பாத்துக்க யார் போறதுன்னு..."

"நிறுத்துங்க! நேர்ல சொல்லிட்டா அப்புறம் தபால்ல என்ன வரும்?"

தேநீர் வாங்கி வந்து குடித்தார்கள். நேருக்கு நேர் பேச்சு இன்னும் முட்டி முட்டித்தான் வந்தது. பஸ் ஏற்றிவிட வந்த இடத்தில் சம்பந்தியம்மா கேட்டாள்: "பசங்களப் பத்தி எழுதவே கூடாதுன்னு வெச்சோமே, அது சரியா? உங்களுக்கு இன்னும் விஷயமே தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா நான் இப்படித் தப்பா நெனச்சிருக்கமாட்டேன்."

"ஒரு பத்தி எழுதலாம். கடைசியில. தீர்ப்பு சொல்லக்கூடாது, நடந்தத மட்டும்."

"சரி."

ஊர் திரும்பியதும், பெட்டி மட்டும் வண்டியில் தனியே பயணம் போனதையும், ஆளில்லாத பெட்டி என்று அதை ஒலிபெருக்கியில் சொல்லப்போய், வெடிகுண்டோ என்று பயந்து நிலையமே வாசலுக்கு ஓடியதையும், தனக்கு மேலாளர் விளக்கம் கேட்டு ஓலை கொடுத்ததையும் மைக்கம்மா விரிவாக எழுதினாள். கடைசிப் பத்தியில், மகன் சமைக்கக் கற்றுக்கொள்கிறான், நன்றாக வரவில்லை என்றாள்.

பதில் கனமாக வந்தது. வீடு முழுக்கக் கறுப்பு அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்த ஒருவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக. கடைசியில் ஒரு பத்தி:

"பெண் புது வீடு பார்த்துக்கொண்டாள். சாமான் இறக்க உங்கள் பையன்தான் போயிருந்தானாம். அந்த வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று இரண்டு பேரும் எனக்குத் தனித்தனியாகப் போன் செய்தார்கள். நான் ஒரே நிறத்தைத்தான் சொன்னேன்."

மைக்கம்மா கூண்டில் மேஜைமேல் தாளை விரித்தாள். கீழே ஒரு வண்டி நடைமேடைக்குள் நுழைந்தது. அதை அறிவித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.