நெவெனா போட்ட பொத்தான்கள்

ரூசே நகரத் துறைமுகத்துக்கு மேலே, எங்கள் அடுக்குமாடி வீட்டில் தெமெனுகா எனக்கு எதிர்வீட்டுக்காரி. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு வெளிநாட்டிலேயே கிடப்பான். மகள் நெவெனாவுக்கு ஆட்டிசம். ஒன்பது வயதாகியும் பேச்சு வரவில்லை. நூடுல்ஸும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும்தான் சாப்பிடுவாள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் தட்டு பறக்கும். பல் தேய்த்துவிடுவது, ஷூ மாட்டுவது, கோட்டுக்குப் பொத்தான் போடுவது எல்லாமே தாயின் கைதான். பஸ் போய்விடுமே என்று அவசர அவசரமாகச் செய்து முடிப்பாள்.

இரண்டு தெரு தள்ளி தெமெனுகாவின் நாத்தனார் ருமியானா இருந்தாள். தையல் ஆலையில் வேலை. குழந்தை குட்டி இல்லை.

"அண்ணி, ஒருநாள் என்கிட்ட விடுங்க. போய்த் தலைமுடியையாவது வெட்டிட்டு வாங்க. சூனியக்காரி மாதிரி இருக்கீங்க."

"உனக்கு அவளைப் பத்தி என்னடி தெரியும்? கத்த ஆரம்பிச்சா நீயே ஓடிடுவ."

வருஷக்கணக்கில் இதே பேச்சுதான். பிறகு ருமியானா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

போன குளிர்காலம் பித்தப்பையில் சீழ் கட்டி, தெமெனுகாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ருமியானா லீவு போட்டுவிட்டு வந்தாள். முதல் சில நாள் நெவெனாவின் அலறல் மாடிப்படி முழுக்கக் கேட்டது. நான் சூப் கொண்டுபோனபோது ருமியானாவின் கையில் பல் பதிந்திருந்தது.

"கடிச்சா என்ன, குறைஞ்சா போயிட்டேன்?" என்றாள்.

தெமெனுகா வயிற்றைப் பிடித்தபடி வீடு திரும்பிய அன்று நானும் அங்கே இருந்தேன். வெளியே உலாவப் போகும் நேரம். நெவெனா கோட்டை மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டாள்.

"எப்படிடி கத்துக் குடுத்த?"

"கத்துக் குடுக்கல அண்ணி. முதல்ல கடைசிப் பொத்தானை மட்டும் அவகிட்ட விட்டுட்டு உக்காந்திருந்தேன். எங்களுக்குத்தான் பிடிக்க பஸ் எதுவும் இல்லையே."

தெமெனுகா நாற்காலியில் சரிந்து அழுதாள். "இத்தனை வருஷம் நானே அவ கையைக் கட்டிப் போட்டிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடு, ருமியானா" என்றாள்.

ருமியானா தரையைப் பார்த்தாள். "ஆலையை மூடுறாங்க அண்ணி. ஸ்பெயின்ல வயசானவங்களைப் பாத்துக்கற வேலை கிடைச்சிருக்கு. டிக்கெட் எடுத்தாச்சு."

இப்போது சனிக்கிழமைகளில் நெவெனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி தெமெனுகா என் கதவைத் தட்டுகிறாள். நெவெனாவுக்கு என்னிடம் இன்னும் பழக்கமாகவில்லை. வாசலுக்குப் போய்ப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அத்தை வரமாட்டா கண்ணு" என்கிறாள் தெமெனுகா.