பின்னால் வந்த காலி வேன்

ஜமக்காளம் விரித்துவிட்டால் லோடு வண்டி வேன் ஆகிவிடுமா? எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் நான் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. ஆகிவிடும் என்றுதான் ஊரே நம்புகிறது. பிக்கப்பின் பின்கதவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படிக்கட்டாகப் போட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் மேலே ஏற்றி, குறுக்கே ஒரு கயிறு கட்டி, “புடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டால் கல்யாண வண்டி தயார். ஆண்கள்? அவர்கள் டிரைவர் பக்கத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

என்னிடம் இருப்பது வேன். பதினெட்டு சீட். அதற்குப் போட்ட காசில் இரண்டு பிக்கப் வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி மாதம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவாள். வாங்கியதோடு முடிந்ததா? சீட்டுக்கு இவ்வளவு என்று வரி, பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் சிலிண்டர். ஒரு ஆள் கூடுதலாக இருந்தால் போலீஸ்காரர்கள் ஓரங்கட்டச் சொல்லி எண்ணுவார்கள். அதே ரோட்டில், அதே நேரத்தில், முப்பது பேரை நிற்கவைத்துக்கொண்டு ஒரு பிக்கப் போகும். “கல்யாணமா? பாத்துப் போங்க” என்று அதற்குக் கை காட்டுவார்கள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பிக்கப் வாங்க முன்பணம் கம்மி. பௌர்ணமி கிரிவலத்துக்குத் தண்ணீர் கேன், மற்ற நாளில் செங்கல், உரம், மாடு. முகூர்த்த நாளில் மனிதர்கள். சாணி காய்வதற்குள் பட்டுப்புடவை ஏறும். தெருவுக்குத் தெரு பிக்கப் வந்தபிறகு, கல்யாணத்துக்கு வேன் கேட்டு என் வீட்டுக்கு வருகிறவர்கள் அநேகமாக இல்லாமலே போனார்கள். ரமணாசிரமம் பக்கம் தங்க வருகிற வெளியூர்க்காரர்களால்தான் என் வண்டி ஓடுகிறது.

ஊரை விடுங்கள். என் அக்காவே ஏறினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்கா மகளுக்குச் செங்கத்தில் கல்யாணம். பெண்ணுக்குக் கார் ஏற்பாடாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கு மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பிக்கப் பேசியிருந்தார்.

“பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் போணும் மச்சான். எப்படியும் பிக்கப் வேணும். ஜனமும் அதுலயே ஏறிடும். தனியா வேன் எதுக்கு? செலவு ஜாஸ்தி.”

“வாடகையே வேணாம் மாமா. தாய்மாமன் நான். என் வண்டி, என் டீசல்.”

“அது வேணவே வேணாம்பா. மச்சான் வண்டில ஓசில போனான்னு நாளைக்குப் பேச்சு வரும்.”

காசு கேட்டால் அதிகம், கேட்காவிட்டால் அவமானம். இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? அக்காவிடம் போனேன். அவள் கூசாமல் சொன்னாள்: “உன் வண்டில ஏறுனா எனக்கு வாந்தி வருதுடா. அதுல நல்லா காத்து வரும்.”

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம் பிக்கப் வந்தது. பீரோவுக்குப் பழைய புடவைகளைச் சுற்றி, அசையாதபடி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். கீறல் விழக்கூடாதாம். அக்காவுக்குப் பிடித்துக்கொள்ள பீரோவைக் கட்டிய கயிறுதான் கிடைத்தது. என் மனைவியும் பேச்சுத் துணைக்கு என்று அதிலேயே ஏறிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினேன். பதினெட்டு சீட்டும் காலி. முன்னால் என் மொத்தச் சொந்தமும் நின்றுகொண்டு எனக்கு டாட்டா காட்டியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர்கள் எழும்பி விழுந்தார்கள், நான் இங்கே பிரேக்கை மிதித்தேன். அக்கா ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் யாரோ ஒரு குழந்தையையும் பிடித்திருந்தாள். செங்கம் போய்ச் சேரும்வரை நான் கியரை நாலுக்கு மேல் போடவில்லை.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாப்பிட்டுவிட்டு மண்டபத்து வாசலுக்கு வந்தால், பிக்கப் நிறைய மூட்டை. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை.

“ரிட்டன் லோடு கெடச்சுதுங்க, வுட முடியல,” என்றார் டிரைவர். “மூட்டை மேல உக்காந்துக்கலாம். ஒண்ணும் ஆவாது.”

அவரையாவது ஒரு கணக்கில் மன்னிக்கலாம். லோடு ஏற்றத்தானே வண்டி வைத்திருக்கிறார். எங்கள் ஜனத்தை என்ன சொல்ல? ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறத் தொடங்கிவிட்டார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியில் ஒரு காலை வைத்துவிட்டாள். மேலே பார்த்தேன். மூட்டைகள் டிரைவர் கேபினின் கூரைக்கும் மேலே நின்றன. பிடிக்க ஒரு கயிறுகூட இல்லை.

“எறங்கு!” என்று கத்தினேன். மண்டபத்துக்குள் இருந்தவர்களே எட்டிப் பார்த்தார்கள். “பீரோவுக்குப் புடவை சுத்திக் கட்டுனீங்களே, இவ கீழ விழுந்தா என்ன செய்வீங்க? உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?”

அக்கா காலை இறக்கினாள். பெண்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றினேன். டிரைவர் பக்கத்தில் சொகுசாக வந்த ஆண்களைப் பஸ் பிடிக்கச் சொன்னேன். மாமா மட்டும், பழக்கதோஷம், என் வேனின் முன்கதவைத் திறந்தார்.

“அது அக்காவுக்கு மாமா. நீங்க கடைசி சீட்டுக்குப் போங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனார்.

அக்கா மடியில் ஒரு பாலிதீன் பையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பை எங்கள் வீட்டில் பிரசித்தம். இதே வேனில் மேல்மலையனூர் போனபோது வாந்தி எடுத்தாள், காதுகுத்துக்குப் போனபோதும் எடுத்தாள். ‘பாலிதீன் அக்கா’ என்று பெயர் வைத்ததே நான்தான். ஒரு விசேஷம் விடாமல் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மலை தெரியத் தொடங்கியதும் அக்கா பேசினாள்.

“முன்னாடி உக்காந்தா ரோடு தெரியுதுடா. வளைவு வர்றது முன்னாடியே தெரியுது. வாந்தியே வரல பாரு.”

வேன் வாங்கிய நாளிலிருந்து அவளை நான் உட்காரவைத்தது கடைசி சீட்டில், சக்கரத்துக்கு மேலே. முன்சீட்டு மாமாவுக்கு, இல்லாவிட்டால் சித்தப்பாவுக்கு. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவன் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. அவமானமாக இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா அந்தப் பையை நாலாக மடித்தாள்.

“தூக்கிப் போடுக்கா, இனிமே எதுக்கு அது?” என்றேன்.

“இருக்கட்டும்டா,” என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “அடுத்த வாட்டி எங்க உக்கார வெப்பியோ.”