சாம்பல் சேட்டு

பொம்மைக்கு முதலில் கறுப்புத்தான் அடிக்க வேண்டும். வெள்ளை அடித்துத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சரிவராது. கறுப்பு அடித்தால் தூரிகை போகாத மடிப்பெல்லாம் தானாகவே நிழலாகிவிடும். சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஆளுக்கு நிழல்தான் உயிர். நாற்பது தாண்டியவன், கலியாணமும் இல்லை, கந்தோர் வேலை முடிந்து வந்து பொம்மைக்குப் பூச்சடிக்கிறான் என்று கோப்பாயில் என் சொந்தக்காரர்கள் என் காதுபடவே கதைப்பார்கள். கதைக்கட்டும். அவர்கள் பின்னேரம் முழுக்க ரீவி நாடகம் பார்க்கிறார்கள், நான் ஏதாவது கேட்டேனா?

கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய ஒரு பெட்டியோடு தொடங்கிய விசர் இது. மேசையில் சண்டை நடத்துகிற விளையாட்டு. இரண்டு படைகள், தூரம் அளக்க ஒரு டேப், உருட்டுவதற்குத் தாயக்கட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லியடிக்குப் போய் இரண்டு கூட்டாளிகளோடு விளையாடுவேன். வெல்வது எப்போதும் அவர்கள்தான். ஆனால் மூன்று பேருடைய படைக்கும் பூச்சுச் சொல்லிக் கொடுப்பது நான்.

நிறம் தெரிவதில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. தொடக்கத்தில் கூட்டாளி ஒருவன் இணையத்தில் பார்த்து, தன் படைக்குப் பச்சையும் மண்ணிறமும் வரிவரியாகப் போட்டுக்கொண்டு வந்தான். அருமையான வேலை. மேசையில் அடுக்கி வைத்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருவரும் தாயக்கட்டையைத் தொடவில்லை. பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த ஞாயிறு அதே படை ஊதா நிறத்தில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் படைகளுக்கு ஊதா, செம்மஞ்சள், தங்கம். உலகத்தில் எந்த ஆமியும் உடுத்தாத நிறங்கள்.

அம்மாவுக்கு இந்தப் பெட்டியையே ஆகாது. கையில் துவக்குப் பிடித்த எந்தப் பொம்மையையும் அவர் பார்க்கமாட்டார். கடைசிச் சண்டை நடந்தபோது அவரும் அண்ணையும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் நின்று பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன், பாதை பூட்டிக் கிடந்தது. ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போன அண்ணை திரும்பி வரவில்லை. ஷெல் விழ விழ அம்மா அங்கேயே காத்துக் கிடந்துவிட்டு, கடைசியில் சனத்தோடு சனமாகத் தனியே முகாமுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து கண்டவர் எல்லாரிடமும் ஒரே கேள்விதான். சாம்பல் சேட்டுப் போட்ட, நெட்டையான ஒரு பொடியனைக் கண்டனீங்களோ?

முகாமில் ஒரு மனுசி மட்டும் கண்டதாகச் சொன்னாராம். ரோட்டோரம் பனையடியில் ஒரு பிள்ளை கிடந்தது, நெட்டை, பக்கத்தில் தண்ணீர் எடுக்கிற பிளாஸ்டிக் கான், உயிர் இல்லை, ஆனால் சேட்டு நீலம் என்று. "என்ரை பிள்ளை போட்டது சாம்பல்" என்று சொல்லிவிட்டு அம்மா எழும்பி வந்துவிட்டார். இந்தக் கதையை அவர் எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இத்தனை வருடமாக அவர் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சாம்பல் நிறத்தில்தான். அண்ணையின் படத்துக்கு எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதில்லை. அந்தப் படமும் அடையாள அட்டைக்கு எடுத்தது, கறுப்பு வெள்ளை.

அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி, சலரோகம், பழைய வருத்தம். அதோடு இரண்டு கண்ணிலும் வெண்புரை. போன வருடம் ஒரு கண்ணை வெட்டிப் புரையை எடுத்து வில்லை வைத்தார்கள். கட்டவிழ்த்த அன்று அவர் குனிந்து தன் மடியைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"தம்பி, நான் சாம்பல் சீலையெல்லோ உடுத்தனான்?"

அது நீலச் சீலை. எப்போதும் நீலம்தான். புரை வளர வளர நீலம் செத்துக்கொண்டே போகும், சாம்பலாகத்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார். நான் சிரித்தேன். பஸ்ஸிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. புதுக் கண் எல்லாவற்றுக்கும் நீலம் அடிக்கிறது, அதை நம்ப ஏலாது என்றார்.

மற்றக் கண்ணை வெட்ட அவர் சம்மதிக்கவே இல்லை. முற்றினால் கண்ணே போய்விடும் என்று டொக்டர் வெருட்டினார். நானும் கத்தினேன். ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"இந்தக் கண்தான்ரா அவனைக் கண்டது. மற்றது டொக்டர் வச்சது, அதுக்கு அவனைத் தெரியாது. இதையும் எடுத்தா அவன்ரை சேட்டை நான் எதாலை பாக்கிறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யாரில் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் அவர் முதன்முறையாக என் பூச்சு மேசைக்கு வந்தார். அதில் ஆயுதம் இல்லாத பொம்மைகளும் கொஞ்சம் இருந்தன. மேசையில் ஊர்ச்சனமாக நிறுத்துவதற்கானவை. அதில் ஒன்று கையை நெற்றியில் வைத்துத் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அம்மா அதை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"உவன் அண்ணை மாதிரி நிக்கிறான். உவனுக்கு அந்தச் சேட்டை அடிச்சுத் தாறியோ? பிறகு கண்ணை வெட்டலாம்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். கறுப்பு அடித்துக் காயவிட்டேன். தோலுக்கு மண்ணிறம் போட்டு, செம்மண் கரைசலை ஓடவிட்டு, மூக்கிலும் நெற்றியிலும் கொஞ்சம் வெளிச்சம் வைத்தேன். சேட்டுக்குச் சாம்பல் கலந்தேன். அம்மா புதுக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தார். இது இல்லை. வெள்ளை கூட்டினேன். இது இல்லை. கறுப்புக் கூட்டினேன், மண்ணிறம் துளி விட்டேன். இதுவும் இல்லை. பொறுமை போய், "அம்மா, சாம்பல் எண்டா உதுதானே!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றில் கை நின்றது.

"இந்தா. இதுதான் சாம்பல். இதுதான்ரா அவன்ரை சேட்டு."

அவர் கையில் இருந்தது நீலம்.

அவருடைய கண் எப்போது மங்கத் தொடங்கியது என்று யார் கண்டது? சலரோகக்காரருக்கு வேளைக்கே வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பனையடி, தண்ணீர்க் கான், அந்த மனுசி கண்ட நீலச் சேட்டு, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓம் அம்மா, உது சாம்பல்தான்" என்றேன்.

அடித்தேன். கடும் நீலத்தை அடியில் போட்டு, மடிப்புகளில் கறுப்புக் கரைசல் விட்டு, தோளிலும் கொலரிலும் காய்ந்த தூரிகையால் இளநீலத்தைத் தொட்டு இழுத்தேன். என் கையால் வந்த வேலைகளில் திறமானது அதுதான். அம்மா பழைய கண்ணால் பார்த்து அழுதார். பிறகு பெரியாசுபத்திரிக்குப் போக உடுப்பு மடித்து வைத்தார்.

அவர் அங்கே இருந்தபோது சாம்பல் போத்தலை எடுத்துக் குலுக்கினேன். மேலால் ஒரு பூச்சு அடித்தால் புதுக் கண்ணுக்கும் சாம்பல்தான், காற்றுக்குப் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அவருக்குத் தெரியவா போகிறது? தூரிகையை நனைத்து வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். என்னுடைய சொல்லை நம்பி அந்தக் கண்ணைக் கொடுக்கப் போயிருக்கிற மனுசி. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்ற முதலே பொம்மையைக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தார். இரண்டும் இப்போது புதுக் கண்கள்.

"தம்பி, உனக்கு இது என்ன நிறம்?"

"நீலம் அம்மா."

"நான் போத்திலை எடுத்துத் தரேக்கையும் நீலமோ?"

"ஓம்."

அவர் கதிரையில் அமர்ந்தார். பொம்மையின் சேட்டைப் பெருவிரலால் மெல்லத் தடவினார்.

"அந்த மனுசி நீலமெண்டெல்லோ சொன்னவ" என்றார். "நான் எழும்பி வந்திட்டனே. எந்த இடத்துப் பனை எண்டாவது கேட்டிருக்கலாமேடா."