திரைக்கு மட்டும் மூன்று நிமிடம் தாமதம்

"அது கோளாறு இல்லை அண்ணா, வேண்டுமென்றே வைத்தது." காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம். மொபைல் கேம் போட்டியின் இறுதி ஆட்டம், ஏற்பாடு நான். எந்த அணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் திரைக்கு மட்டும் மூன்று நிமிடம் தாமதம் வைத்திருந்தேன்.

திரைக்காரர் முனிரத்தினம் அண்ணா கல்யாணங்களுக்கு லைவ் போடுகிறவர். தாமதத்தைப் பார்த்துப் பதறி, நான் சாப்பிடப் போன நேரத்தில் சரிசெய்துவிட்டார்.

ஆட்டத்தின் நடுவில் உள்ளூர்க் கூட்டம் தங்கள் அணிக்குக் கத்தியது: "ரேய், கெணத்துக்குப் பின்னாடி பாருடா!"

கிணற்றுக்குப் பின்னால் இருந்தது நகரி அணி. நான்கு பேரும் காலி.

கேப்டன் கோமதி ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னாக்கா இது? நாங்க ஆடிக்கினு இருந்தமா, மாட்டிக்கினு இருந்தமா?"

அண்ணாவிடம் ஓடினேன். "லைவ்னா லைவா இருக்கணும்லம்மா? தாலி கட்டறத லேட்டா காட்டினா சும்மா உடுவாங்களா?"

தாமதத்தைத் திரும்ப வைத்து, மறு ஆட்டம் என்று மைக்கில் அறிவித்தேன். கூட்டம் ஊளையிட்டது. அதன்பின் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மேடையைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் வேலையையும் யாராவது இப்படி அக்கறையாகச் சரிசெய்து தந்திருக்கிறார்களா? சொல்லுங்கள், எனக்குத் துணை வேண்டும்.

மறு ஆட்டத்தில் முதலில் வெளியேறியது நகரி அணிதான். கோமதி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தபோது, திரையில் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.