திரைச்சீலைக்குள் ஒரு குலவை

"இந்தம்மா குலவை போட்டா உடம்பு சிலிர்க்குது அத்தை," என்றாள் சவ்சன். தொலைக்காட்சியில் பழைய படம். கதாநாயகி தோழியின் கல்யாணத்தில், வாயைக் கையால் மறைத்துக் குலவையிட்டுக்கொண்டிருந்தாள்.

முலூகியாக் கீரை நறுக்கிக்கொண்டிருந்த தவ்ஹீதா கத்தியை நிறுத்தவில்லை. "அவளுக்குக் குலவை எங்க வந்துச்சு? ஆட்டுக்குட்டி இருமுற மாதிரி இருக்கும். அது என் நாக்குடி."

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"பின்னால, திரைச்சீலைக்குள்ள. அந்தத் தூசியில தும்மாம நின்னேன் பாரு, அதுதான் நடிப்பு."

கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் இருவருக்கும் ஒரே கட்டடம். மேல்மாடித் தவ்ஹீதாவைப் படங்களில் சவ்சன் பார்த்திருக்கிறாள்: தட்டேந்திய வேலைக்காரி, கல்யாணக் கூட்டத்தில் ஒருத்தி. குலவைக் கதை புதிது. அன்றிலிருந்து துருவித் துருவிக் கேட்டாள்.

அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தன்த்தாவிலிருந்து கெய்ரோவுக்கு வந்தவள் தவ்ஹீதா. ஒரு படப்பிடிப்பில் நாயகிக்குக் குலவை வராமல் பாதி நாள் வீணானது. கூட்டத்திலிருந்து இவள் சும்மா ஒன்று விட்டாள். ஒலிப்பதிவாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் எந்தப் படத்தில் கல்யாணம் வந்தாலும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். பெயர் மட்டும் போடவில்லை. நாயகியின் வாய் இரவல் என்று ஊருக்குத் தெரியக் கூடாதாம்.

அண்ணன் வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. சமாதானமான பிறகும், பெருநாள் விருந்துதோறும் அண்ணி, "சினிமாவுல நீ தூக்குனது தட்டுதான்" என்பாள். போட்டுக் காட்டினால் என்ன என்று சவ்சன் கேட்டாள். விசேஷமில்லாத வீட்டில் குலவை எழுந்தால், யாருக்கு நிச்சயம் என்று தெருவே மாடியேறி வந்துவிடாதா என்றாள் தவ்ஹீதா.

இப்போது அண்ணன் வீட்டிலேயே விசேஷம் வந்துவிட்டது. வியாழக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். தவ்ஹீதாதான் முதல் குலவை, அன்றைக்கு உண்மை தெரிந்துவிடும் என்று அண்ணி எல்லாப் பெண்களிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் தவ்ஹீதாவுக்குப் போன மாதம்தான் பல்செட் கட்டியிருந்தார்கள். குளியலறையில் அவள் ஒத்திகை பார்த்த சத்தத்தைக் கீழ்வீட்டில் கேட்ட சவ்சன், யாரோ அடுப்பில் கெட்டிலை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

புதன்கிழமை தவ்ஹீதா படியிறங்கி வந்தாள். அக்காவின் நிச்சயத்தன்று சவ்சன் போட்ட குலவையைக் கேட்டு, இந்தப் பெண்ணுக்கு இத்தனை பெரிய நாக்கா என்று ஆச்சரியப்பட்டவள் அவள்தான். நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்:

"வாயை நான் தொறக்குறேன். கையால மறைச்சுக்குவேன், அந்த நாயகிகிட்டப் பாத்தது. குரல் நீ குடு. மண்டபத்துல மேடைக்குப் பின்னால திரைச்சீலை இருக்கு, பாத்துட்டு வந்துட்டேன். தும்மிடாதடி."