மாமா ஏறாத படிகள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த மாமா என்னையும் அம்மாவையும் சிக்கிமுக்குக் கூட்டிப்போனார். சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாயைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அத்தைக்குக் குளிர் ஆகாது.

அந்த வருடம் எல்லையில் பதற்றம். அனுமதி கிடைக்குமா என்று தெரியாமல் காங்டாக்கில் மூன்று நாள் காத்திருந்தோம். தினமும் காலையில் ட்ராவல்ஸ் கடை திறக்கும் முன்பே மாமா அதன் வாசலில் நிற்பார். நான்காம் நாள் அனுமதி வந்தது. மறுநாள் ஊர் திரும்ப ரயில்.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டி இந்தியில் சொன்னதையெல்லாம் மாமா தமிழாக்கினார். மேலே செல்போன் கூடாது, எதிர்ப்பக்கச் சிப்பாய்களை நோக்கிக் கை நீட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. வழியெங்கும் ராணுவ லாரிகளும் மணல் மூட்டை அடுக்கிய காவல் அரண்களும். கணவாயில் இறங்கினால் மேலே போகப் படிக்கட்டு. அதன் உச்சியில்தான் எல்லைக் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நம்மவர்கள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பார்கள் என்று மாமா சொல்லிக்கொண்டே ஏறினார்.

பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. தலை விண்விண் என்று தெறித்தது. உட்கார்ந்துவிட்டேன். என் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்த வழிகாட்டி, உடனே கீழே இறக்கச் சொன்னார். அம்மா பதறிப்போய், தான் தூக்கிப் போவதாகவும் தம்பி மேலே போய்விட்டு வரட்டும் என்றும் சொன்னாள்.

“நீ போய்ப் பாத்துட்டு வாக்கா. எனக்கே தலை சுத்துது, இதுக்கு மேல ஏற முடியாது” என்றார் மாமா. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று இறங்கினார்.

கீழே ராணுவ மருத்துவ அறையில் ஒரு சிப்பாய் எனக்கு ஆக்சிஜன் முகமூடி மாட்டினார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டேன். இனிப்பாக டீ கொடுத்தார். மாமாவிடம் ஏதோ சொல்லி மேலே கை காட்டினார்.

மாமா என்னைப் பார்த்தார். “இவர் பாத்துக்குறாராம். பத்து நிமிஷம், போயிட்டு வந்துடட்டுமா?”

வேண்டாம் என்று தலையாட்டி அவர் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு பனிமூட்டம் இறங்கியது. எல்லோரையும் கீழே வரச் சொல்லிவிட்டார்கள். மேலே போயிருந்த அம்மா இறங்கி வந்து, சீனச் சிப்பாய் ஒருவன் தன்னைப் பார்த்துச் சிரித்ததாகச் சொன்னாள். அவன் எந்தப் பக்கம் நின்றான், தொப்பி எப்படி, துப்பாக்கி வைத்திருந்தானா என்று மாமா காங்டாக் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தை, எல்லை எப்படி இருந்தது என்று மாமாவைக் கேட்டார். நான் முந்திக்கொண்டு, “மாமாவுக்குத் தலை சுத்திடுச்சு. பாதியிலேயே இறங்கிட்டாங்க” என்றேன். வீடே சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆமாம், நமக்கு அந்த உயரமெல்லாம் ஒத்துவராது என்றார். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அந்தக் கேலி ஓயவில்லை. அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

தலை சுற்றிய மனிதர் பத்து வயதுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு அத்தனை படிகளை எப்படி ஓட்டமாக இறங்கினார் என்று கேட்க, அன்று எனக்குத் தோன்றவேயில்லை.