வட்டத்துக்குள் வைத்த சந்தனம்

கணித ஆசிரியர் இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து கணிதத்தில் ஏ தரச் சித்தி. இரத்மலானை விமானப் பராமரிப்பு வகுப்பில் ஒரேயொரு பெண்ணாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிய அத்தனை பரீட்சைகளும். அவற்றில் மின்சாரப் பாடம் மட்டும் இரண்டாம் முறை. தண்ணீரில் இறங்கும் மிதப்பு விமானத்தில் வேலை செய்ய நீந்தத் தெரிய வேண்டும் என்றார்கள். பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள், திகனவில் ஒரு ஹோட்டல் குளத்தில் மூக்கிலும் காதிலும் தண்ணீர் ஏற ஏறப் பழகி அந்தச் சான்றிதழையும் எடுத்தாள். அதற்குப் பிறகு விமானப் பராமரிப்பு உரிமம். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துக் கறுப்பையாவின் மகள் கிருஷாந்தி வென்றவை இவை. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: அவள் கைக்கு அளவான கையுறை. அதற்காக ஸ்டோர்காரரோடு அவள் நடத்திய போராட்டம் பரீட்சைகளைவிட நீண்டது.

ஆனால் உரிமம் இருந்தால் மட்டும் ஒரு விமானத்தைப் பறக்கவிட முடியாது. "இவர் பார்த்துக் கையொப்பமிட்டால் கிளம்பலாம்" என்று கம்பெனியும் தனியாக அனுமதி தர வேண்டும். தெல்தெனியப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் இறங்கி ஏறும் அந்தச் சின்ன விமானத்தில் அவள் முடுக்கிய ஒவ்வொரு ஆணிக்கும் அதுவரை அஸ்ஃபர் என்ற மூத்த பொறியியலாளரே கையொப்பமிட்டார். அவர் இரத்மலானைக்கு மாற்றலாகிப் போனார். விஜயதசமி காலையிலிருந்து கிருஷாந்தியே கையொப்பமிடலாம் என்று அனுமதி வந்தது.

முதல்நாள் ஆயுத பூசை. கரையோரக் கொட்டகையில் மேசை போட்டு, வாழையிலை விரித்து, ஸ்பேனர்களையும் திருகாணிச் சாவிகளையும் அடுக்கி அவளே பூசை வைத்தாள். அண்ணன் தினேஸ் தன் முச்சக்கர வண்டியில் அப்பாவையும், ஒரு வாளி கடலைச் சுண்டலையும், கோயிலில் அரைத்த சந்தனத்தையும் கொண்டுவந்து இறக்கினான். கெலிஓயாக்காரரான ஃபாஸில், அந்தக் கரைக்குப் பொறுப்பாளர், சுண்டலை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தார்.

"விமானத்துக்குப் பொட்டு வைக்கலையா புள்ள?" என்று கேட்டார் கறுப்பையா.

"வேணாம்ப்பா. அதுல ஒரு ஸ்டிக்கர்கூட நம்ம இஷ்டத்துக்கு ஒட்டக் கூடாது."

"கொழுந்து லொறிக்கே பொட்டு வைக்கிறோம். இது வானத்துல போறது."

"லொறி கெட்டா ரோட்டுல நிக்கும்ப்பா."

ஃபாஸில் சிரித்தார். "ஐயா, ஒங்கட மகள் என்னையே கிட்ட எடுக்கிற இல்ல. நான் இங்க பொறுப்பாளர்!"

பூசை முடிந்ததும் ஒவ்வொரு கருவியாகத் துடைத்து மாட்டத் தொடங்கினாள். கருவிப் பலகையில் ஒவ்வொன்றின் உருவமும் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். ஓர் உருவம் வெறுமையாகத் தெரிந்தாலும், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் அசையாது. குங்குமம் ஒட்டிய ஸ்பேனர் மறுநாள் எஞ்சினுக்குள் போகக் கூடாது என்று, பல்லிடுக்குவரை துணியை விட்டுத் துடைத்தாள். அந்த வேலையில் அவள் தலை நிமிரவில்லை.

அன்றிரவு நல்ல மழை.

காலையில் கிருஷாந்தி விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தாள். மிதவை, இறக்கை, வால், எல்லாம் சரி. மூக்குக்குப் பின்னால், உடம்பின் பக்கவாட்டில், சிவப்பு வட்டம் ஒன்று உண்டு. நடுவில் ஊசி நுழையுமளவு துளைகள். வெளிக்காற்று அந்தத் துளைகளின் வழியாகப் போய்த்தான் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கருவிக்குத் தெரியும். வட்டம் சுத்தமாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, வெள்ளைப் பெயின்ற்றில், மழை இழுத்துவிட்ட மஞ்சள் கோடு ஒன்று. விரலால் தொட்டு முகர்ந்தாள். சந்தனம்.

மறுபக்கம் ஓடினாள். அங்கேயும் கோடு.

சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் பட்டுச் சேலைகளின்மேல் மிதப்புச் சட்டையைக் கட்டிக்கொண்டு நின்றது. கொழும்பில் கல்யாணம். கிருஷாந்தி கொட்டகைக்குப் பின்னால் போய் வீட்டுக்கு அழைத்தாள்.

"அப்பா, நேத்து விமானத்துல எங்கயாச்சும் சந்தனம் வச்சீங்களா?"

"யாரு சொன்னா?"

"கோவிச்சுக்க மாட்டேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு கன்னத்துலயும் வச்சேன்." அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "செவப்பா வட்டம் போட்டு நடுவுல புள்ளி குத்தி வச்சிருந்தாங்களே, பொட்டுக்குத்தானேன்னு நெனச்சேன். மழ கழுவிறக் கூடாதுன்னு நல்லா அழுத்தி வச்சேன்மா."

வட்டத்தின் ஓரத்தில் 'துளையை அடைக்காதே' என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில்.

அண்ணன் முறையில் 'நானா' என்று அவள் கூப்பிடும் ஃபாஸிலிடம் போனாள். "நானா, இது இன்னைக்குப் போகாது. உயரம் காட்டுற துளை அடைஞ்சிருக்கு."

"வெளியால சுத்தமாத்தானே ஈக்கி. இன்னொருக்கா தொடச்சிட்டுப் போட ஏலாதா தங்கச்சி?"

"தொடச்சா இன்னும் உள்ளுக்குப் போகும். இந்த மலைக்குள்ள மேகம் இருக்கு. நக்கிள்ஸ் மலைக்கு நேரா போனாலும், தண்ணியில நிக்கிற உயரத்தையே கருவி காட்டிக்கிட்டிருக்கும்."

ஃபாஸில் தலையில் கை வைத்தார். "சரி, எப்பிடி அடைஞ்சிச்சி?"

அவள் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"குளவி மண் வச்சிச்சின்னு எழுதுவோம். குளவி அப்பிடித்தான் செய்யிற. ஐயாட பேரு எதுக்கு? நீங்கதானே அவர உள்ளுக்கு எடுத்த? கம்பெனி ஒங்கட அனுமதியத் திருப்பி எடுத்தா இனி எப்ப தருவாங்களோ, அல்லாஹ்தான் அறிவான்."

அவர் சொன்னது மெய்தான். அதுவும் அன்பில் சொன்னது. கிருஷாந்தி பட்டுச் சேலைக்காரர்களைப் பார்த்தாள். அடுத்த வருடமும் ஆயுத பூசை வரும். இங்கே இல்லாவிட்டாலும் வேறெங்காவது ஓர் அப்பா, வேறொரு சிவப்பு வட்டம்.

"குளவின்னு எழுதுனா குளவிக்குத்தான் மருந்து அடிப்பாங்க, நானா," என்றாள். "சந்தனம்னே எழுதுங்க. எங்கப்பான்னும் எழுதுங்க."

கல்யாண வீட்டார் இரண்டு வேன்களில் புறப்பட்டார்கள். ஏறும்போது ஒரு பெரியம்மா ஏசிய ஏச்சு, "படிச்ச புள்ளையாம், விமானத்தக் கழுவத் தெரியல!" என்று தொடங்கி வேனின் கதவு மூடும்வரை நீண்டது. கிருஷாந்தி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு விமானத்துக்குள் ஏறி, விமானிக்கு முன்னால் முள் கருவிகள் பதித்த பலகைக்குப் பின்னால் படுத்தபடி, துளைகளிலிருந்து வரும் குழாய்களைக் கழற்றத் தொடங்கினாள். குழாய் கருவியோடு இருக்கும்போது காற்றடித்தால் கருவி உடைந்துபோகும். அதனால் முதலில் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்பக்கமிருந்து மெல்லக் காற்றைவிட, வெளியே பிடித்திருந்த வெள்ளைத் துணியில் சந்தனத் துணுக்குகள் வந்து விழுந்தன. இடப்பக்கம் மூன்று. வலப்பக்கம் ஒன்றுதான் வந்தது. அவளுக்கு அது போதவில்லை. மறுபடி விட்டாள், அரிசி நொய்யளவில் இன்னொன்று வந்தது.

இரத்மலானையிலிருந்து சோதனைக் கருவியோடு அஸ்ஃபர் வந்துசேர மதியம் தாண்டிவிட்டது. வழியில் கடுகண்ணாவையில் ஒரு லொறி குறுக்கே நின்றதாம். குழாய்களை மாட்டி, கசிவு பார்த்து, இரண்டு பக்கத் துளைகளையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். உயரம் காட்டும் முள் போக வேண்டிய இடத்துக்குப் போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஃபாஸிலுக்கு அழைப்பு வந்தது. கொட்டகையில் அவர் பதில் மட்டும் கேட்டது.

"ஓம் சேர். கண்டுபிடிச்சது அவதான்... அப்பாண்டு சொன்னதும் அவதான். நான் குளவின்னு போடச் சொன்ன, அதையும் மறைக்க மாட்டேன்... சரி சேர்."

போனை வைத்துவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"இனிமே பூசைக்கு விமானத்தச் சுத்திக் கயிறு கட்டோணுமாம். பூசை நிக்கத் தேவையில்லையாம்."

"என் அனுமதி?"

"சொல்லத் துணிஞ்ச ஆள்தான் கையொப்பமும் போடோணும் என்கிறாங்க."

அஸ்ஃபர் தன் சட்டைப்பையைத் தடவி, "பேனை நான் தர மாட்டேன். என்னுடைய ரெண்டு பேனையை ஏற்கெனவே கொண்டுபோனவ நீதான்," என்றார்.

கொஞ்ச நேரத்தில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்த அப்பாவைத் தினேஸ் கூட்டிவந்திருந்தான். கறுப்பையா கிட்டே வரவில்லை. ஃபாஸில் அப்போதே கட்டிவிட்ட கயிற்றுக்கு அப்பால், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி நின்றார்.

"வேல போயிருச்சா புள்ள?"

"இல்லப்பா. இனிமேத்தான் வேலையே," என்றாள் அவள்.

பிறகு மிதவையின்மேல் விமானத்தின் பதிவுப் புத்தகத்தை வைத்து, தான் கழற்றியதையும் மாட்டியதையும் சோதித்ததையும் எழுதி, விமானம் பறக்கத் தகுந்தது என்ற வரியின் கீழ் முதன்முறையாகத் தன் பெயரைப் போட்டாள்.

க. கிருஷாந்தி. 2023 ஒக்டோபர் 24.